எங்கேயோ பார்த்த முகம்: பிரிட்டிஷ் நடிகை ஒருவரின் படப்பட்டியலைப் படிப்பது எப்படி?

ராத்திரி சாப்பாடு முடிந்து ஏதோ ஒரு இங்கிலாந்துத் தொடரைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்போம். போலீஸ் அதிகாரியாக ஒருவர் வருவார். ‘இந்த அம்மாவை எங்கேயோ பார்த்திருக்கிறோமே’ என்று மண்டைக்குள் குடையும். போன மாதம் பார்த்த படத்தில் அரசியாக இருந்தவரா? அதற்கும் முன்னால் ஒரு காமெடியில் ஆபீஸில் வேலை பார்த்தவரா? செல்போனை எடுத்துத் தேடினால், மூன்றும் ஒரே ஆள்தான். அவர் நடித்தவற்றின் பட்டியல் விரல் வலிக்க வலிக்கக் கீழே போகும். தொடர், குறும்படம், மேடை நாடகம், விளம்பரம், கார்ட்டூனுக்குக் குரல், மறுபடியும் தொடர், நடுவில் ஒரு ஆஸ்கர்.

புதிதாகப் பார்க்கிறவருக்கு இது குழப்பமாக இருக்கும். சினிமாவில் அவ்வளவு பெரிய ஆளானவர் எதற்காக டிவிக்குத் திரும்பி வந்தார், மார்க்கெட் போய்விட்டதா என்று கேட்கத் தோன்றும். மார்க்கெட் எங்கும் போகவில்லை. அங்கே டிவி நடிகை, சினிமா நடிகை, மேடை நடிகை என்று மூன்று பேர் இல்லை. ஒரே தச்சர் கதவும் செய்வார், கட்டிலும் செய்வார் இல்லையா, அதுபோலத்தான். எது பெரிய வேலை, எது சின்ன வேலை என்ற கணக்கு உண்டு. ஆனால் அந்தக் கணக்கு வேடத்தைப் பொறுத்தது, திரையின் அளவைப் பொறுத்ததல்ல.

இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்பதை ஒருவரை வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும். ஒலிவியா கோல்மனை எடுத்துக்கொள்வோம்.

அவருடைய உண்மைப் பெயர் ஒலிவியா இல்லை. 1974 ஜனவரி 30 அன்று, இங்கிலாந்தின் கிழக்கில் உள்ள நார்விச் நகரில் பிறந்தபோது வைத்த பெயர் சாரா கரோலின் கோல்மன். அம்மா நர்ஸ், அப்பா சர்வேயர். நடிக்க வந்த பிறகு பெயர் மாறியதற்குச் சோதிடமோ எண்கணிதமோ காரணமில்லை, சங்கம்தான் காரணம். பிரிட்டிஷ் நடிகர்களின் தொழிற்சங்கமான ‘ஈக்விட்டி’ 1930இல் தொடங்கியது. ஒரே பெயரில் இரண்டு உறுப்பினர்கள் இருக்கக் கூடாது என்பது அதில் வழக்கம். சம்பளமும் பாராட்டும் தப்பான ஆளுக்குப் போய்விடக் கூடாது பாருங்கள். சாரா கோல்மன் என்று ஏற்கெனவே ஒருவர் இருந்ததால் இவர் ஒலிவியா ஆனார். பின்னாளில் ‘பிராட்சர்ச்’ தொடரில் இவரோடு ஜோடி சேர்ந்து துப்பறிந்த டேவிட் டென்னன்ட்டுக்கும் இதே கதைதான். அவர் பிறப்பில் டேவிட் மெக்டொனால்ட். அந்தப் பெயரும் வேறொருவரிடம் இருந்ததால், ஒரு பாப் பாடகரின் பெயரிலிருந்து டென்னன்ட்டை எடுத்துக்கொண்டார்.

நடிப்பை எங்கே கற்றார்? இரண்டு இடங்களில். முதலாவது கேம்பிரிட்ஜ். ஆசிரியர் பயிற்சிக்காக அங்கே ஹோமர்டன் கல்லூரியில் சேர்ந்தவர் ஒரு பருவத்திலேயே படிப்பை விட்டுவிட்டார். ஆனால் அதற்குள் ‘ஃபுட்லைட்ஸ்’ என்ற மாணவர் நாடகக் குழுவில் சேர்ந்திருந்தார். 1883இல் தொடங்கிய குழு அது. மதிப்பெண் கிடையாது, சான்றிதழ் கிடையாது. மாணவர்களே எழுதி, நடித்து, ஜோக் விழாவிட்டால் அவமானப்பட்டு, அடுத்த வாரம் திருத்துவார்கள். நடிகர்கள் ஜான் க்ளீஸ், எம்மா தாம்ப்சன், ஹியூ லாரி எல்லோரும் அங்கிருந்து வந்தவர்கள்தான். கோல்மனுக்கு அங்கே டேவிட் மிட்செல், ராபர்ட் வெப் என்ற இரண்டு நகைச்சுவைக்காரர்களின் நட்பு கிடைத்தது. வருங்காலக் கணவர் எட் சின்க்ளேரையும் கேம்பிரிட்ஜில்தான் சந்தித்தார்.

இரண்டாவது இடம் பிரிஸ்டல் ஓல்டு விக் நாடகப் பள்ளி. 1946இல் தொடங்கிய பள்ளி, நடிகர் டேனியல் டே லூயிஸ் படித்த இடம். குரல், மூச்சு, உடல், வசன உச்சரிப்பு என்று முறையாகப் பயிற்சி கொடுப்பார்கள். 1999இல் அங்கிருந்து வெளியே வந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பாதை எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது என்று நினைக்க வேண்டாம். கோல்மன் படித்தது கட்டணம் வாங்கும் தனியார் பள்ளியில், கேம்பிரிட்ஜ் நட்பு வட்டமும் லேசில் கிடைப்பதல்ல. பிரிட்டனில் நடிப்புத் துறையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளே நிறைய வருகிறார்கள் என்ற முணுமுணுப்பு வரும். அதில் நியாயம் இருக்கிறது. அதே சமயம், பள்ளியை முடித்த கையோடு இவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடிவிடவும் இல்லை. வீடுகளைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போய்க்கொண்டேதான் ஆடிஷன்களுக்கும் போனார்.

2000இல் மிட்செல், வெப் கூட்டணியோடு ஒரு துணுக்கு நகைச்சுவை நிகழ்ச்சியில் தலைகாட்டினார். 2003இல் அதே நண்பர்களின் ‘பீப் ஷோ’ வந்தது. சேனல் 4இல் ஒளிபரப்பான இந்தக் காமெடியில் சோஃபி என்ற அலுவலகப் பெண் வேடம்.

‘கேமராவைப் பார்க்காதே’ என்பதுதான் நடிக்க வருகிறவருக்குச் சொல்லும் முதல் பாடம். பீப் ஷோவில் அது தலைகீழ். யாராவது ஒரு பாத்திரத்தின் கண் எதைப் பார்க்கிறதோ அதை மட்டும்தான் நமக்குக் காட்டுவார்கள். கதாநாயகன் மார்க் சோஃபியைப் பார்த்தால், மார்க்கின் கண் இருக்கும் இடத்தில் கேமரா இருக்கும். சோஃபி நேராக லென்ஸைப் பார்த்துத்தான் சிரிக்க வேண்டும், கோபப்பட வேண்டும், முத்தம்கூடக் கொடுக்க வேண்டும். எதிரே சக நடிகரின் முகம் இல்லை, கண்ணாடித் துண்டு ஒன்றுதான். அதை மனிதனாக நினைத்துப் பேசிப் பழகியவருக்குப் பிற்பாடு எந்த க்ளோசப்பும் பயம் தராது என்றே எனக்குத் தோன்றும்.

சரி, இப்போது அந்தப் பட்டியல் ஏன் அவ்வளவு நீளம் என்ற கேள்விக்கு வருவோம். விடை எபிசோடு எண்ணிக்கையில் இருக்கிறது. சீரியல் என்றதும் நம் மனதில் வருவது ஆயிரம் எபிசோடு. பீப் ஷோ 2003 முதல் 2015 வரை, பன்னிரண்டு ஆண்டுகளில் ஒன்பது சீசன் வந்தது. மொத்த எபிசோடு 54தான், சீசனுக்கு ஆறு. பிரிட்டிஷ் டிவி காமெடிக்கு இதுதான் சாதாரண அளவு. பெரிய எழுத்தாளர் பட்டாளம் கிடையாது, ஒருவரோ இருவரோ உட்கார்ந்து எழுதுவார்கள், ஆறுக்கு மேல் எழுதினால் சரக்கு நீர்த்துப்போகும். நடிகைக்கு இதில் ஒரு பெரிய லாபம். ஆறு எபிசோடு சில வாரங்களில் முடிந்துவிடும், மீதி வருடத்தின் கால்ஷீட் கையில் இருக்கும். ஒரு வேடத்திலேயே பத்து வருடம் மாட்டிக்கொள்ளாமல், அதை விடவும் செய்யாமல், நடுவில் ஆஸ்பத்திரிக் காமெடி, பாதிரியார் மனைவி, கார் இன்ஷூரன்ஸ் விளம்பரம் என்று எதற்கு வேண்டுமானாலும் போகலாம். கோல்மன் போனார்.

இடமும் கைகொடுக்கிறது. நாடக அரங்குகள் நிறைந்த வெஸ்ட் எண்ட், பிபிசி, பைன்வுட், ஷெப்பர்டன் ஸ்டுடியோக்கள் எல்லாம் லண்டனிலும் அதைச் சுற்றியும்தான். பகலில் படப்பிடிப்பு, இரவில் மேடை என்று ஓடுகிற நடிகர்கள் உண்டு. அமெரிக்காவில் நாடகம் நியூயார்க்கில், சினிமா லாஸ் ஏஞ்சலிஸில் என்று கண்டத்தின் இரண்டு ஓரங்களில் கிடக்கிறது.

2007 இவருக்குத் திருப்பத்தைத் தந்த ஆண்டு. அப்போது யாருக்கும் அது தெரிந்திருக்காது. பீப் ஷோவின் நான்காவது சீசன் ஒரு கல்யாணத்தில் முடிகிறது. மனமே இல்லாத மாப்பிள்ளை தேவாலயத்தில் ஒளிந்துகொள்கிறான். பிறகு மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். மணப்பெண் சோஃபி அழுகிறாள். காமெடியில் அழுகை என்றால் மூக்கைச் சிந்திச் சிரிக்கவைப்பார்கள் அல்லவா? இது அந்த வகை அல்ல. சிரித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று ஏதோ தப்பு செய்துவிட்டவன் போல நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அதே ஆண்டு வந்த ‘ஹாட் ஃபஸ்’ படத்தில் இவருக்கு ஆபாச ஜோக் அடிக்கும் கிராமத்துப் பெண் போலீஸ் வேடம். அதில் இன்னொரு போலீஸாக நடித்தவர் பேடி கான்சிடைன். அவர் அந்த ஆண்டே முதன்முதலாக இயக்கிய குறும்படத்தில் கோல்மனை நடிக்கவைத்தார். அந்தக் குறும்படம் வெனிஸ் விழாவில் பரிசு வாங்கியது, அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதும் வாங்கியது. அதை வளர்த்துத்தான் 2011இல் ‘டிரனோசார்’ என்ற முழுநீளப் படம் எடுத்தார் கான்சிடைன்.

பழைய துணிகளை விற்கும் தர்மக் கடை ஒன்றில் வேலை பார்க்கும் ஹன்னா, தெய்வ பக்தி உள்ளவள். குடித்துவிட்டுக் கோபத்தில் திரியும் ஒருவன் ஓடிவந்து கடையில் துணி தொங்கும் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். அவள் அவனை விரட்டவில்லை, அவனுக்காக ஜெபிக்கட்டுமா என்று கேட்கிறாள். அவளுக்கு வீட்டில் என்ன நடக்கிறது என்பது பிறகுதான் நமக்குத் தெரிகிறது. அந்த மெல்லிய புன்னகை எதை மூடி வைத்திருந்தது என்று தெரிந்த பிறகு முதல் காட்சிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். இவருக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த படத்தைவிட இதில்தான் நன்றாக நடித்தார் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவில் இவருக்கும் உடன் நடித்த பீட்டர் முல்லனுக்கும் நடிப்புக்கான சிறப்புப் பரிசு கிடைத்தது.

இந்தப் படத்துக்குப் பணம் போட்டவர்களைப் பார்த்தால் இன்னொரு முடிச்சு அவிழும். ‘ஃபிலிம்4’ அவர்களில் ஒன்று. அது சேனல் 4இன் சினிமாப் பிரிவு. 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கியது முதலே அந்தச் சேனல் படங்களுக்குப் பணம் கொடுத்து வருகிறது. கோல்மனைக் காமெடியில் வளர்த்ததும் இந்தப் பணப்பை, சோகப் படத்தில் காட்டியதும் இந்தப் பை. பிற்பாடு இவர் நடித்த ‘தி லாப்ஸ்டர்’, ‘தி ஃபேவரிட்’ படங்கள் இரண்டிலும் இதே பை பங்கு போட்டிருக்கிறது. பிபிசிக்கும் இதுபோல ஒரு சினிமாப் பிரிவு உண்டு. டிவிக்காரரே தயாரிப்பாளராகவும் இருக்கும் ஊரில் டிவி நடிகை என்று யாரை மட்டம் தட்டுவது?

விருது கொடுக்கும் அமைப்பும் அப்படியே. அமெரிக்காவில் சினிமாவுக்கு ஆஸ்கர், டிவிக்கு எம்மி, இரண்டும் வேறு வேறு அமைப்புகள். பிரிட்டனில் 1947இல் தொடங்கிய சினிமா அகாடமி, 1958இல் டிவி தயாரிப்பாளர் இயக்குநர் சங்கத்தோடு இணைந்துவிட்டது. அதுதான் இன்றைய பாஃப்டா. விழாக்கள் தனித்தனி, வீடு ஒன்றே. 2013 டிவி விழாவில் கோல்மனுக்கு ஒரே இரவில் இரண்டு பாஃப்டா கிடைத்தது. ஒன்று, ‘அக்யூஸ்ட்’ என்ற கனமான தொடரில் துணை நடிகைக்கு. இன்னொன்று, ஒலிம்பிக் ஏற்பாடுகளைக் கிண்டல் செய்த ‘ட்வென்டி ட்வெல்வ்’ காமெடிக்கு. அதில் மேலதிகாரியை வாய்விட்டுச் சொல்லாமல் காதலிக்கும் உதவியாளராக வருவார். அழவைத்ததற்கும் சிரிக்கவைத்ததற்கும் ஒரே ராத்திரியில் பரிசு.

அதே 2013இல் ஐடிவி சேனலில் ‘பிராட்சர்ச்’ வந்தது. டோர்செட் கடற்கரைச் சிற்றூரில் ஒரு சிறுவன் கொலை. கோல்மன் நடிக்கும் போலீஸ் அதிகாரி எலி மில்லர் விடுமுறை முடிந்து பரிசுப் பொருட்களோடு ஸ்டேஷனுக்கு வருகிறார். தனக்கு வரவேண்டிய பதவியை வெளியூர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று தெரிகிறது. அங்கே தொடங்கும் முகமாற்றம் கடைசி எபிசோடு வரை போகிறது. கடைசி எபிசோடில் என்ன என்பதை நான் சொல்ல மாட்டேன், நீங்களும் தேடிப் படித்துவிடாதீர்கள். அடுத்த ஆண்டு சிறந்த நடிகைக்கான டிவி பாஃப்டா இதற்குக் கிடைத்தது.

2016இல் வந்த ‘தி நைட் மேனேஜர்’ தொடரில் உளவு அதிகாரி பர் வேடம். மூல நாவலில் பர் ஓர் ஆண். தொடருக்காக அதைப் பெண்ணாக்கிக் கோல்மனைத் தேர்ந்தெடுத்தார்கள், அப்போது அவர் கர்ப்பமாக இருந்தார். மேசைக்குப் பின்னால் நிற்கவைத்தும் பெரிய கோட்டைப் போட்டும் வயிற்றை மறைப்பதுதான் இத்தகைய இடங்களில் வழக்கம். இங்கே கதையிலேயே அந்த அதிகாரியைக் கர்ப்பிணி ஆக்கிவிட்டார்கள். ஆயுத வியாபாரியைத் துரத்தும் அதிகாரி நிறைமாத வயிற்றோடு நடந்துவரும்போது காட்சிக்கே வேறொரு கனம் வந்துவிடுகிறது. கோல்டன் குளோப் பரிசும் வந்தது.

2017ஐத் தனியாக எடுத்துப் பார்ப்போம். ஆண்டின் தொடக்கத்தில் பிராட்சர்ச்சின் மூன்றாவது, கடைசி சீசன் டிவியில் ஓடுகிறது. வசந்த காலத்தில் ஹாட்ஃபீல்டு மாளிகையில் ‘தி ஃபேவரிட்’ படப்பிடிப்பு. கோடையில் லண்டன் நேஷனல் தியேட்டரில் ‘மஸ்கீட்டோஸ்’ நாடகம், அதில் அக்கா தங்கையாக நடித்தவர்கள் ஒலிவியா கோல்மனும் ஒலிவியா வில்லியம்ஸும். நவம்பரில், ரயிலில் நடக்கும் கொலையைப் பற்றிய ஒரு நட்சத்திரப் பட்டாளப் படத்தில் பணிப்பெண்ணாகச் சின்ன வேடம். துப்பறியும் அதிகாரி, மகாராணி, மேடையில் தங்கை, பணிப்பெண். இதில் எது ஏற்றம், எது இறக்கம்?

தி ஃபேவரிட்டில் இவர் 1702 முதல் 1714 வரை ஆண்ட ஆன் அரசி. பதினேழு முறை கருவுற்றும் ஒரு பிள்ளைகூட வளர்ந்து ஆளாகாத துயரம் அவருடையது. படத்தில் அறைக்குள் பதினேழு முயல்களை வளர்க்கிறார். இந்த வேடத்துக்காகக் கோல்மன் ஏறக்குறைய 16 கிலோ எடை கூட்டினார். இயக்குநர் யோர்கோஸ் லாந்திமோஸ் மூன்று வாரம் ஒத்திகை வைத்தார். ஒத்திகை என்றால் வசனத்தை உருப்போடுவதில்லை. பின்னோக்கி நடந்துகொண்டே வசனம் சொல்வது, கைகளைக் கோத்துச் சிக்கிக்கொண்டு விடுவித்துக்கொள்வது என்று பிள்ளைகள் விளையாட்டு மாதிரி. ஃபுட்லைட்ஸில் பழகியவருக்கு அது வீட்டுக்குத் திரும்பியதுபோல இருந்திருக்கும். அந்தப் படத்துக்குப் பத்து ஆஸ்கர் பரிந்துரைகள், கிடைத்தது ஒன்றே ஒன்று, 2019 பிப்ரவரியில் சிறந்த நடிகைக்காக. ஏழாவது பரிந்துரையோடு அமர்ந்திருந்த அமெரிக்க நடிகை கிளென் குளோஸுக்குத்தான் போகும் என்று பலரும் நினைத்திருந்தார்கள். மேடையில் கோல்மன் அவரிடம் மன்னிப்புக் கேட்காத குறையாகப் பேசினார். தான் சுத்தம் செய்யும் வேலை பார்த்ததையும், அந்த வேலை தனக்குப் பிடித்திருந்ததையும் சொன்னார். அப்போது அவருக்கு வயது 45.

இது இவர் ஒருவருக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை. இன்னொரு பிரிட்டிஷ் நடிகை ஜூடி டென்ச்சுக்கு முதல் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது 1997இல் வந்த ‘மிஸஸ் பிரவுன்’ படத்துக்காக, அறுபது தாண்டிய பிறகு. அந்தப் படமே பிபிசிக்காக டிவிப் படமாக எடுத்தது, பிறகுதான் தியேட்டருக்குப் போனது. மேகி ஸ்மித் இரண்டு ஆஸ்கர்களை வீட்டில் வைத்துக்கொண்டு, 75 வயதில் ‘டவுன்டன் அபி’ தொடருக்கு வந்தார்.

ஆஸ்கர் வாங்கிய அதே 2019இல் கோல்மனும் ஒரு தொடரில் வந்தார், ‘தி க்ரௌன்’. இரண்டாம் எலிசபெத்தின் வாழ்க்கையைச் சொல்லும் இந்தத் தொடரில் வயது கூடக் கூட நடிகையை மாற்றுவார்கள். முதல் இரண்டு சீசனுக்கு கிளேர் ஃபாய், அடுத்த இரண்டுக்கு கோல்மன், கடைசி இரண்டுக்கு இமெல்டா ஸ்டான்டன். மூன்றாம் சீசனின் முதல் காட்சியில் அரசியிடம் புதுத் தபால்தலையைக் காட்டுகிறார்கள். பழைய தலையில் ஃபாயின் முகம், புதியதில் கோல்மனின் முகம். ஆள் மாறியதை இவ்வளவு நாசூக்காகச் சொல்ல முடியுமா! அரசிக்கு நீலக் கண், கோல்மனுக்குப் பழுப்பு. லென்ஸ் போட்டுப் பார்த்தார்கள், கம்ப்யூட்டரில் நிறம் மாற்றிப் பார்த்தார்கள். எதிலும் ஆள் வேறு யாரோ போல ஆகிவிடவே, பழுப்பே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். (2012இல் வேறொரு படத்தில் இதே அரசியின் தாயாகவும் கோல்மன் நடித்திருக்கிறார். தாயும் அவரே, மகளும் அவரே.)

அந்தச் சீசனில் அபர்வான் பற்றிய எபிசோடு ஒன்று உண்டு. 1966 அக்டோபரில் வேல்ஸில் நிலக்கரிக் கழிவுமலை சரிந்து பள்ளிக்கூடத்தின்மேல் விழுந்ததில் 144 பேர் இறந்தார்கள், அவர்களில் 116 பேர் பிள்ளைகள். அரசி எட்டு நாள் கழித்துத்தான் போனார். தொடரில், தன்னால் அழ முடியவில்லையே என்று அரசி தனக்குள் குமைகிறார். கோல்மனின் சிக்கல் இதற்கு நேர் எதிர். அவருக்குச் சட்டென்று கண்ணீர் வந்துவிடும், உருக்கமான வசனம் காதில் விழுந்தாலே போதும். இதற்குப் படக்குழு கண்டுபிடித்த வழி, காதில் சின்ன இயர்பீஸ் ஒன்றை மாட்டி, அதில் வானொலியின் கப்பல் வானிலை அறிக்கையை ஓடவிடுவது. ‘வைக்கிங், டாகர், ஃபிஷர், ஜெர்மன் பைட்’ என்று கடல் பகுதிகளின் பெயர்களையும் காற்றின் வேகத்தையும் ஒரே சுருதியில் வாசிக்கும் பிபிசி அறிவிப்பு அது. எதிரே உள்ளவர் கண்ணீர் மல்கப் பேச, இவர் டாகர் கடலில் காற்று எந்தத் திசை என்று கேட்டுக்கொண்டு கல் மாதிரி நின்றார். நமக்கோ அது அரசியின் இறுக்கமாகத் தெரிகிறது. 2021இல் இந்த வேடத்துக்கு எம்மி கிடைத்தது.

அதற்குப் பிறகும் பட்டியல் அதே ரகத்தில்தான் போகிறது. ‘தி ஃபாதர்’, ‘தி லாஸ்ட் டாட்டர்’ இரண்டுக்கும் ஆஸ்கர் பரிந்துரை, பதின்வயதினர் தொடர் ஒன்றில் அம்மா, சாக்லேட் கதையில் கொடுமைக்காரி, பேசும் கரடியின் படத்தில் பாடும் கன்னியாஸ்திரி. இவற்றில் சில படங்கள் சுமார்தான். ‘எம்பயர் ஆஃப் லைட்’ படத்தை இவருக்காக மட்டும் உட்கார்ந்து பார்த்து முடித்தேன்.

புதிதாகத் தொடங்குகிறவர் எங்கிருந்து தொடங்கலாம்? பிராட்சர்ச் முதல் சீசன், எட்டு எபிசோடு, ஒரு வாரக் கடைசிக்குப் போதும். அப்புறம் தி ஃபேவரிட். மனதைத் திடப்படுத்திக்கொண்டு டிரனோசார், அதைத் தனியாகப் பார்க்காதீர்கள். பிறகு தி க்ரௌனின் அபர்வான் எபிசோடு. கடைசியில் 2007க்குத் திரும்பி, பீப் ஷோவின் கல்யாணக் காட்சி. தேம்பி அழும் அந்த மணப்பெண்ணின் காதில் யாரும் எதையும் மாட்டியிருக்கவில்லை.